மாடி கட்டிய பழைய வீட்டுக்கு 2001-ம் ஆண்டு மதிப்பு போடுவது எப்படி?

2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய வீட்டை இப்போது விற்றால், மூலதன ஆதாய வரிக் கணக்கில் (விற்ற லாபத்துக்கான வருமான வரி) பழைய கிரயத் தொகைக்குப் பதிலாக அந்தத் தேதியின் சந்தை மதிப்பை வைத்துக்கொள்ளலாம். வாரிசாகக் கிடைத்த வீடு என்றால், பெற்றோர் அந்தத் தேதிக்கு முன் வாங்கியிருந்தாலே போதும். ஆனால் இருபது வருடத்தில் மாடி எழும்பியிருக்கும், தரை டைல்ஸாகியிருக்கும், ஓட்டுக் கூரை கான்கிரீட்டாகியிருக்கும். இவற்றையெல்லாம் கழற்றிவிட்டு, அன்று நின்ற வீட்டுக்கு அன்றைய விலை போட வேண்டும்.

பின்னால் செய்த வேலையில் ஒரு ரூபாய்கூட 2001 மதிப்பில் சேரக் கூடாது. மேம்பாட்டுச் செலவைத் தனியாகக் கழிக்கச் சட்டமே இடம் தருகிறது. இரண்டு இடத்திலும் ஏறினால் அது இரட்டைக் கழிவு. 2001-க்கு முன் செய்த மேம்பாடு அந்த மதிப்புக்குள்ளேயே அடங்கிவிடும். அதைத் தனியாகக் காட்ட முடியாது.

படி 1: அன்றைய வீட்டைக் காகிதத்தில் கொண்டுவருதல்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். பத்திரத்தின் சொத்து விவரம், பாகப்பிரிவினைப் பத்திரம், அனுமதி வரைபடம், 2001 வாக்கிலான சொத்து வரி ரசீது, மின் இணைப்பு ஆவணங்கள் எல்லாவற்றையும் எடுங்கள். சொத்து வரி எந்த அரையாண்டில் உயர்ந்தது என்று பாருங்கள். பொதுவான வரி உயர்வு இல்லாத காலமாக இருந்தால், கூடுதல் கட்டடம் கணக்கில் ஏறியதற்கு அது நல்ல தடயம். வீட்டில் நடந்த கல்யாணம், சீமந்தப் படங்களில் பின்னணியைக் கவனியுங்கள். கூரை, ஜன்னல், தரை எல்லாம் அதில் தெரியும்.

வீட்டுக்குள்ளும் சாட்சி இருக்கும். பரண், சுவர் அலமாரியின் அடித்தளம், மாடிப்படிக்குக் கீழ் ஆகிய இடங்களில் டைல்ஸ் போடாமல் விட்டிருப்பார்கள். அங்கே பழைய சிவப்புக் காவித் தரையோ மொசைக்கோ கிடைக்கும். அதே மனைப்பிரிவில் மாற்றம் செய்யாத அண்டை வீடு இருந்தால் அதையும் அளந்து பாருங்கள்.

பலரும் மறப்பது இடித்த பகுதியை. பின்கட்டு, ஓட்டுச் சமையலறை, கிணறு இவை 2001-ல் இருந்து பின்னால் போயிருந்தால், அவற்றையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும்.

படி 2: நிலம்

அந்தத் தேதியில் அமலில் இருந்த வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப் பதிவுக்கு அரசு வைத்த நில விலையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். அன்றைய தெருப்பெயர், உட்பிரிவுக்கு முந்தைய சர்வே எண் இரண்டையும் கொண்டுபோங்கள். இன்றைய எண்ணை வைத்துத் தேடினால் தவறான பதிவு கிடைக்கலாம். 2001-க்கு முன்னும் பின்னும் சில மாதங்களில் அதே பகுதியில் பதிவான கிரயங்களையும் ஒப்பிடுங்கள்.

பின்னால் தெரியவந்ததை விலையில் ஏற்றக் கூடாது. தரமணி டைடல் பார்க் 2000-ல் திறந்தது. அதன் தாக்கத்தைச் சேர்க்கலாம். சென்னை மெட்ரோ ஓடத் தொடங்கியது 2015-ல். அதைச் சேர்க்க முடியாது. கடலோர மனைக்கு 2004 சுனாமியைச் சொல்லி மதிப்பைக் குறைப்பதும் இதே தவறுதான்.

படி 3: கட்டடம்

அன்று இருந்த பரப்பை, 2001-க்குரிய பொதுப்பணித் துறைக் கட்டட விகிதத்தால் (சதுர அடிக்கான கட்டுமானச் செலவு) பெருக்கித் தேய்மானத்தைக் கழியுங்கள். பரவலான சூத்திரம்: வயது ÷ மொத்த ஆயுள் × 90%. மீதி 10% இடிபொருள் மதிப்பு. வயதை 2001 வரை மட்டும் எண்ணுங்கள். புதுப்பித்த வீடு இன்று இளமையாகத் தெரிகிறது என்று வயதைக் குறைத்தால், பிற்காலச் செலவு பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

இன்றைய விலையைப் பணவீக்கக் குறியீட்டால் (விலைவாசி உயர்வுக்காக வரிக்கணக்கில் ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் எண்) வகுத்து 2001 மதிப்பைப் பிடிப்பதும் கூடாது. அந்தக் குறியீடு வரிக்கணக்குக்கு உரியது. உங்கள் தெருவின் நிலவிலை அதன் வேகத்தில் ஏறியிருக்காது.

படி 4: உச்சவரம்பு

2001 ஏப்ரல் 1 அன்று நிலத்துக்கும் கட்டடத்துக்குமான முத்திரைத்தீர்வை மதிப்பு (பத்திரப் பதிவில் முத்திரைத்தீர்வை கணக்கிட அரசு எடுத்துக்கொள்ளும் மதிப்பு) கிடைக்குமானால், உங்கள் சந்தை மதிப்பு அதைத் தாண்டக் கூடாது. 2020 நிதிச் சட்டம் கொண்டுவந்த விதி இது. அதற்கு முன் எழுதிய மதிப்பீட்டு அறிக்கை கையில் இருந்தால், அப்படியே பயன்படுத்தாமல் இந்த வரம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு கணக்கு

விகிதங்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி, ரூ.300 வீதம் ரூ.7,20,000. 1981-ல் கட்டிய 1,000 சதுர அடி வீடு ரூ.450 வீதம் ரூ.4,50,000. வயது 20, ஆயுள் 60 என்றால் தேய்மானம் 30%, மீதி ரூ.3,15,000. மொத்தம் ரூ.10,35,000. இது உச்சவரம்புக்குள் இருப்பதாகக் கொள்வோம்.

2012-13-ல் மாடிக்கு ஆன செலவு ரூ.14 லட்சம். 2025-26-ல் ரூ.1.20 கோடிக்கு விற்பனை. குறியீடு 2001-02-க்கு 100, 2012-13-க்கு 200, 2025-26-க்கு 376. தொகையை விற்ற ஆண்டின் குறியீட்டால் பெருக்கி, அந்தத் தொகைக்குரிய ஆண்டின் குறியீட்டால் வகுத்தால், கழிக்க வேண்டியது வீட்டுக்கு ரூ.38,91,600, மாடிக்கு ரூ.26,32,000. ஆதாயம் ரூ.54,76,400, அதற்கு 20% வரி ரூ.10,95,280. குறியீடு இல்லாத 12.5% வழியில் ஆதாயம் ரூ.95,65,000, வரி ரூ.11,95,625. செஸ் முதலியவை தனி. இங்கே முதல் வழி லாபம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம், வீட்டுக்கு இந்த ஒப்பீட்டுச் சலுகை உண்டு. ஆனால் இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டும்தான். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்து வரிச்சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவராகிவிட்டவர் 12.5% வழியில்தான் போக வேண்டும்.

மாடிச் செலவுக்கு ஒப்பந்தக்காரர் ரசீது, வங்கிப் பட்டுவாடா, வீட்டுக்கடன் கணக்கு ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். வெள்ளையடிப்பு, ஒழுகல் அடைப்பு போன்ற மராமத்து மேம்பாடாகாது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கும்போது, நேரில் பார்த்த தேதியும் மதிப்புக்குரிய தேதியும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றனவா, விலக்கிய பகுதிகள் பரப்பளவோடு குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே வாங்குங்கள்.