அப்பாவின் தலைத் திவசத்துக்கு ஒரு பக்கம் எழுதுவது எப்படி

அப்பா பட்டாளத்தில் இருந்தவர் என்றால், முதலில் அவருடைய டிஸ்சார்ஜ் புக்கை (பணி முடிந்து வரும்போது ராணுவம் கொடுக்கும் புத்தகம்) எடுங்கள். சேர்ந்த தேதி, கடைசிப் பதவி, பதக்கங்கள் எல்லாம் அதில் இருக்கும். எங்கள் அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட். பயிற்சி நீலகிரி வெலிங்டனில். 1971 போரைப் பற்றி வாயே திறக்கமாட்டார். பதக்கத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம்: கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார். அவருடையது பூர்வி. பழைய இன்லாண்ட் லெட்டர்களையும் புரட்டுங்கள். அவற்றில் ஊர்ப்பெயர் இருக்காது. 56 ஏபிஓ, 99 ஏபிஓ என்று ராணுவத் தபால் நிலையத்தின் எண்தான் இருக்கும்.

போர் இவ்வளவு போதும். பக்கத்தில் முக்கால்வாசி வீட்டு மனுஷனுக்குத்தான். அம்மாவிடம் “அப்பா எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் “தங்கமானவர்” என்பார். அதை வைத்து என்ன எழுதுவது? “லீவில் வந்தால் முதல் வேலையாக என்ன செய்வார்?” என்று கேளுங்கள். எங்கள் அம்மா சொன்னது: டிரங்குப் பெட்டியைத் திறந்து, கேன்டீன் சோப்பைத் தெரு முழுக்கப் பங்கு வைப்பார், வீட்டுக்கு ஒன்று மிஞ்சினால் அதிசயம். அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து எங்கள் பள்ளி ஷூக்களுக்கெல்லாம் பாலிஷ் போடுவார். ஓய்வு பெற்ற பிறகு பேத்தியின் ஷூவுக்கும் அவர்தான்.

படம் இரண்டு போதும்: யூனிஃபார்மில் ஒன்று, லுங்கியில் பேத்தியோடு ஒன்று. “லுங்கி எதுக்குப்பா?” என்று சித்தப்பா முகம் சுளிப்பார். சரி, சுளிக்கட்டும்.

சர்வீஸ் நம்பரையும் பென்ஷன் நம்பரையும் மட்டும் அச்சில் போடாதீர்கள். பிரஸ்ஸுக்குக் கொடுக்கும் முன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்பதை எடுத்துவிடுங்கள்.