வேடந்தாங்கலுக்கு கூட்டமா போறீங்களா? பறவைக்கு தொந்தரவு இல்லாம பாக்கறது எப்படி

ஜனவரி வந்தாலே அபார்ட்மெண்ட் ஆளுங்க, ஆபீஸ் டீம், ஸ்கூல் பசங்கன்னு வேன் புடிச்சு கிளம்பிடுறாங்க. தாராளமா போங்க, நேர்ல பாத்தவங்களுக்குத்தான் அந்த ஏரி மேல அக்கறை வரும். ஆனா ஏரியே சுமார் 30 ஹெக்டேர்தான், அதுக்குள்ள ஆயிரக்கணக்குல பறவைங்க முட்டை வெச்சு குஞ்சு பொரிக்குதுங்க, பிரசவ வார்டுக்குப் போற மாதிரி போனாலே பாதி பிரச்சனை தீந்துரும்.

மொதல்ல தண்ணி இருக்கான்னு விசாரிங்க. வடகிழக்கு மழை ஏமாத்துன வருஷம் ஏரி நெறையாது, பறவையும் சரியா வராது. நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் நல்ல நேரம், ஆனா ஞாயித்துக்கிழமையும் காணும் பொங்கலும் வேண்டவே வேண்டாம், வார நாள்ல லீவ் போட்டுட்டு போங்க. காலைல சீக்கிரம் போங்க, இல்லன்னா சாயந்திரம் 4 மணிக்கு மேல, இரை தேடப் போனதெல்லாம் கூட்டம் கூட்டமா திரும்பி வர்ற நேரம் அது.

கரையை விட்டு எறங்காதீங்க, பைனாகுலர் இருந்தா அங்கேர்ந்தே நல்லா தெரியும். நீர்க்கடம்பு மரத்து மேல நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன்னு ஒரே நெரிசலா இருக்கும். வெயில் ஏறுனா நாரை ரெக்கையை விரிச்சு குஞ்சுக்கு நிழல் குடுத்துட்டு நிக்கும் பாருங்க. நாம கத்துனதுல அது எழுந்து பறந்துருச்சுன்னா குஞ்சு வெயில்ல வதங்கும், காக்கா வந்து முட்டையைத் தூக்கிட்டுப் போயிரும். அதனால வேன்லேர்ந்து எறங்கும்போதே சொல்லிருங்க: ஹாரன், ப்ளூடூத் ஸ்பீக்கர், ஃப்ளாஷ், ட்ரோன் எதுவும் கூடாது, ஃபோன்ல பறவை சத்தம் போட்டு கூப்பிடுறதும் கூடாது (போட்டோக்காரங்க இதுல ரொம்ப மோசம்). பறவைங்க எல்லாம் ஒரே நேரத்துல கழுத்தை நிமித்திப் பாத்துச்சுன்னா நாம எல்லை தாண்டிட்டோம்னு அர்த்தம், பேச்சை நிறுத்திட்டு ரெண்டடி பின்னாடி வந்துருங்க.

பசங்ககிட்ட ஊர்க்காரங்க கதையைச் சொல்லுங்க, ரூல்ஸ் படிச்சுக் காட்டறதை விட அது நல்லா ஏறும். பறவையைச் சுட வந்தவங்களைத் தடுக்கணும்னு 1798லயே வெள்ளைக்கார கலெக்டர் லயோனல் பிளேஸ்கிட்ட உத்தரவு எழுதி வாங்குனவங்க அவங்க, இன்னைக்கும் தீபாவளிக்கு வெடி வெடிக்கறதில்ல. சும்மா பாசம்னு நெனைக்காதீங்க, எச்சம் கலந்த ஏரித்தண்ணி வயலுக்கு உரம், அதான் ரெண்டு பக்கமும் லாபம்.

பிளாஸ்டிக் கவர், சிப்ஸ் பாக்கெட் எல்லாம் வேன்லயே விட்டுருங்க, சாப்பாட்டை ஜிஎஸ்டி ரோட்லயே முடிச்சுட்டு படாளம் கூட்ரோட்ல திரும்புங்க. ஆள் ரொம்ப அதிகம்னா ரெண்டா பிரிஞ்சு பாதிப் பேர் மொதல்ல பக்கத்துல இருக்கற கரிக்கிலி பறவை சரணாலயத்துக்குப் போயிட்டு அப்புறம் மாத்திக்கலாம், அங்க கூட்டம் கம்மி, வாத்துங்க பாக்கறதுக்கு எனக்கு அந்த ஏரிதான் புடிக்கும்.