மீஞ்சூர் தாண்டினால் ஹாரன் உதவாது: ராத்திரி ரோட்டில் செய்யக்கூடாத தவறுகள்

வடசென்னையில் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு, ரோட்டில் குறுக்கே வரும் விலங்கு என்றால் எருமை, மாடு, தெருநாய்தான். மூன்றும் நம் தெருவில் வளர்ந்தவை. ஹாரன் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு ஒதுங்கினால் போதும் என்பதெல்லாம் அவற்றுக்கு அத்துப்படி. அதே பழக்கத்தோடு மணலி புதுநகர், மீஞ்சூர் தாண்டி பொன்னேரி, பழவேற்காடு பக்கம் ராத்திரியில் வண்டியை விரட்டுகிறோம். அங்கே குறுக்கே வருவது நரி, மரநாய், கண்ணாடிவிரியன், ஏரி ஆமை; பகலில் என்றால் கீரி, உடும்பு. லாரி என்றால் என்னவென்று இவற்றுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"காட்டு விலங்கெல்லாம் முதுமலையில்தானே, இங்கே ஏது?" என்ற நினைப்பில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது. பழவேற்காடு ஏரி, கொசஸ்தலையாறு, ஆரணி ஆறு, இடையில் உப்பங்கழி, வயல், சவுக்குத் தோப்பு. இவ்வளவும் இருக்கிற இடத்தில் விலங்கு இல்லாமல் போகுமா? இதையெல்லாம் குறுக்கே வெட்டிக்கொண்டுதான் ரோடு போகிறது. காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகிற கண்டெய்னர் லாரிகள் ராத்திரியிலும் ஓடுகின்றன. யானையும் புலியும் கடக்கிற சத்தியமங்கலம் ரோட்டில், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரியில் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு வந்தது. நம் பக்கத்து மரநாய்க்கும் தேரைக்கும் அப்படி ஒரு காவல் இல்லை. ஓட்டுகிறவர் பார்த்துச் செய்தால்தான் உண்டு.

ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு வழி இருக்கிறது. தேரை உடம்பை உப்பிக்கொண்டு அசையாமல் உட்காரும். ஆமை ஓட்டுக்குள் ஒடுங்கும். முயல் வளைந்து வளைந்து ஓடும். விரியன் சுருண்டு சீறும். பருந்திடம் இதெல்லாம் பலிக்கும், டயரிடம் பலிக்காது. நாம் ஹாரன் அடிக்க அடிக்க, ஹை பீம் போடப் போட, அது இன்னும் பயந்து அதையேதான் செய்யும். இருட்டுக்குப் பழகிய கண்ணில் வெளிச்சம் பாய்ந்தால் மரநாய்க்கு எதுவும் தெரியாது, நின்ற இடத்திலேயே நின்றுவிடும். தூரத்தில் கண் மின்னுவது தெரிந்ததும் லோ பீமுக்கு மாற்றுங்கள், வேகத்தைக் குறையுங்கள், பின்னால் வண்டி இல்லையென்றால் நின்றே விடுங்கள். கொஞ்சம் இருட்டு கிடைத்தால் அது தானாக வழி பார்த்துக்கொள்ளும். கடந்துவிட்டது என்று உடனே ஆக்ஸிலேட்டரை முறுக்கவும் வேண்டாம். நரி பல நேரம் ஜோடியாகத் திரியும்.

"குறுக்கே வந்தால் பிரேக் பிடித்துக்கொள்ளலாம்" என்று சொல்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். கண்ணில் பட்டு, கால் பிரேக்கை அழுத்த ஒன்றரை விநாடி ஆனால் அதற்குள் 25 மீட்டர் போயாயிற்று. காய்ந்த ரோட்டில் நிற்க இன்னும் 20 மீட்டராவது வேண்டும். மொத்தம் 45. அதே கணக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 26 மீட்டர் அளவில் முடிந்துவிடும். தார் நிறத்தில் படுத்திருக்கிற பாம்பு லோ பீம் வெளிச்சத்தில் 45 மீட்டர் தள்ளி யார் கண்ணுக்கும் தெரியாது. கடைசி நொடியில் ஹேண்டிலை ஒடிப்பது அதைவிட மோசம். எதிரே லாரி வரும், இல்லாவிட்டால் பக்கத்தில் வாய்க்கால் இருக்கும். பைக்கோ காரோ, நேராகவே வைத்து பிரேக் பிடியுங்கள். உங்கள் உயிர் முதலில்.

மழைக்காலத்தில் இன்னும் கவனம் வேண்டும். அக்டோபரில் முதல் பெருமழை பெய்த ராத்திரி, தவளைகள் குட்டை தேடிக் கிளம்பும். விளக்குக் கம்பத்தின் அடியில் ஈசல் விழும், அதைத் தின்னத் தேரைகள் கூடும். அறுவடை நேரத்தில் ரோட்டில் நெல் காயவைக்கிறார்கள். சிந்தின நெல்லுக்கு எலி வரும், எலிக்குக் கூகை வரும். கூகை தாழப் பறக்கிற பறவை, கார் கண்ணாடி உயரத்துக்குத்தான் வரும்.

நல்ல மனசோடு செய்கிற தவறுகள்தான் மனதை உறுத்துகின்றன. மழை விட்டதும் ஏரி ஆமை ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் புறப்படும். வண்டிச் சத்தம் கேட்டதும் ரோட்டின் நடுவில் தலையை இழுத்துக்கொள்ளும். பின்கால்களையும் அடி ஓட்டில் இருக்கிற மடல்களால் மூடிக்கொண்டு ஒரு வட்டக் கல் மாதிரிக் கிடக்கும். பார்க்கிறவர் இரக்கப்பட்டு எடுத்து, "ஆமைக்குக் கடல்தானே வீடு" என்று எண்ணூர் கடற்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார். அது நன்னீர் ஆமை. உப்புத் தண்ணீரில் அதனால் பிழைக்க முடியாது. இன்னும் சிலர் பக்கத்தில் தெரிகிற ஏரியில் விடுகிறார்கள்; அது அங்கிருந்துதான் கிளம்பி வந்திருக்கும், மறுபடியும் அதே ரோட்டைக் கடக்கும். செய்ய வேண்டியது ஒன்றுதான். வண்டியை ஓரங்கட்டி, இண்டிகேட்டர் போட்டு, அது எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கிறதோ அந்தப் பக்கத்து ஓரத்தில், ரோட்டை விட்டுத் தள்ளி விடுங்கள். ஓட்டின் பின்பாதியை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்குங்கள். கழுத்து நீளம், முன்னால் பிடித்தால் கடித்துவிடும். வீட்டுத் தொட்டியில் வைத்து வளர்ப்பது குற்றம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது.

அடிபட்ட விலங்கின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். கூகை மாதிரிப் பறவையைத் துணியால் மூடி எடுத்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், வனத்துறைக்கும் சொல்லிவிடுங்கள். நரி, கீரி, மரநாயை வெறுங்கையால் தொடவே கூடாது. கடித்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டும். பாம்பு என்றால் கிட்டே போகாமல் 101க்குச் சொல்லுங்கள்.

அடிபட்டுச் செத்த உடும்பைக் கறிக்கும் எண்ணெய்க்கும் எடுத்துப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செத்துக் கிடந்தாலும் அது அரசின் சொத்து, எடுப்பது குற்றம். ஆனால் ரோட்டு நடுவிலேயே விட்டுவிட்டுப் போவதும் தப்பு. அதைத் தின்ன வருகிற நரியும் பருந்தும் அதே இடத்தில் அடிபடும். போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, வண்டி வராத நேரம் பார்த்து ஒரு கொம்பால் ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள். பிரியாணிப் பொட்டலத்தையும் மீன் கழிவையும் ரோட்டோரம் வீசுவதிலும் இதே சங்கதிதான்.

பலரும் பேசாத தவறு ஒன்று ரோட்டுக்கு அடியில் இருக்கிறது. மழைத்தண்ணீர் போவதற்குக் கட்டிய குழாய்ப் பாலங்கள், தண்ணீர் வற்றிய நாளில் கீரிக்கும் உடும்புக்கும் பாதை. மத்தியப் பிரதேச, மகாராஷ்டிர எல்லையில் பெஞ்ச் காட்டு வழியாகப் போகிற தேசிய நெடுஞ்சாலை 44ல் விலங்குகளுக்கென்றே சுரங்கப் பாதைகள் கட்டியிருக்கிறார்கள். புலி உட்பட அவற்றில் நடந்துபோவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. நமக்கு அவ்வளவு செலவு வேண்டாம். இருக்கிற குழாயில் கட்டட இடிபாட்டையும் குப்பையையும் கொட்டி அடைத்துவிட்டு, விலங்கை ரோட்டுக்கு மேலே ஏறவைப்பது நாம்தான். அடைபட்ட குழாயால் மழைக்கு ஊருக்குள்ளும் தண்ணீர் ஏறுகிறது. அக்டோபர் 2 கிராம சபை மழைக்குச் சரியாக முன்னால் வருகிறது. எந்தெந்தக் குழாய் அடைந்திருக்கிறது, எந்த வளைவில் அடிக்கடி விலங்கு சாகிறது என்று போட்டோவோடு எழுதிக் கொடுங்கள்; தூர்வாரவும் அங்கே வேகத்தடை போடவும் தீர்மானம் கேளுங்கள்.