பழைய பத்திரத்தில் ரேகை தேடும் முன்

சேலம் பக்கம் பாகப்பிரிவினைத் தகராறு வந்தால் பீரோவிலிருந்து பழைய உயிலோ புரோநோட்டோ வெளியே வரும். வந்ததும் மாமா, சித்தப்பா, வக்கீல் குமாஸ்தா என ஆளாளுக்கு வாங்கிப் பார்ப்பார்கள். முதல் கேடு அதுதான். கண்ணுக்குத் தெரியாத கைரேகையை எழுப்பும் ரசாயனத்துக்குப் பழையது, புதியது என்ற பேதமில்லை, இன்று தொட்டவர்களின் ரேகையும் சேர்ந்தே எழும். ஓரத்தை இடுக்கியால் பிடிக்கலாம், அல்லது நைட்ரைல் கையுறை போடலாம். மெல்லிய பருத்திக் கையுறையில் வியர்வை ஊறி வெளியே வந்துவிடும்.

அடுத்த எதிரி ஈரம். வியர்வையிலுள்ள அமினோ அமிலங்கள் காகித நாரில் ஒட்டிக்கொள்கின்றன. காய்ந்தே இருந்தால் பல பத்தாண்டுகள் கழித்தும் நின்ஹைட்ரின் என்ற ரசாயனம் பட்டதும் ஊதா நிறத்தில் ரேகை எழும். 1910-இல் வேதியியலாளர் ரூஹெமான் கண்டறிந்த இந்த ரசாயனம் ரேகைக்கு உதவும் என்று சுவீடன் ஆய்வாளர்கள் எழுதியது 1954-இல்தான்! ஆனால் அமினோ அமிலம் நீரில் கரையும். ஏற்காட்டு மழைக்காலத்தில் பிளாஸ்டிக் கவரில் அடைத்து வைத்த பத்திரம் உள்ளேயே புழுங்கும், ரேகைக் கோடுகள் கலங்கும். நனைந்துவிட்டால் இஸ்திரி போடாமல் நிழலில் உலரவிட்டு, நனைந்ததை ஆய்வகத்தில் மறைக்காமல் சொல்லுங்கள். தோலின் கொழுப்பைப் பிடிக்கும் வெள்ளிக் கரைசல் முறை அப்போதும் கைகொடுக்கலாம். அது கடைசியில் செய்ய வேண்டியது, அதற்குப் பிறகு நின்ஹைட்ரினுக்கு வேலையில்லை.

வீட்டிலேயே நின்ஹைட்ரினை அசிட்டோனில் கரைத்துத் தெளிப்பவர்களை என்ன சொல்வது? பால்பாயிண்ட் மை ஓடி, வழக்குக்கு ஆதாரமான கையெழுத்தே போய்விடும். முதலில் புகைப்படம், பிறகு கையெழுத்தையும் காகிதத்தில் பேனா அழுத்திய தடத்தையும் ஆராய வேண்டும், அப்புறம்தான் ரசாயனம். எழும் ஊதாவும் வெளிச்சத்தில் மங்கும், உடனே படம் எடுக்க வேண்டும்.

மையில் வைத்த பெருவிரல் ரேகைக்கு இந்த ரசாயனம் எதுவும் வேண்டாம். பத்திரம் பதிவானது என்றால் சார்பதிவாளர் அலுவலக ரேகைப் பதிவேட்டோடு ஒப்பிடக் கேளுங்கள்.

சரி, ரேகை கிடைத்தது. ரேகைக்குரியவர் பத்திரத்தை எந்த ஆண்டு தொட்டார் என்று கேட்காதீர்கள், அதை ரேகையால் நம்பகமாகச் சொல்ல முடியாது. கிடைக்கவில்லை என்றாலும் அவர் தொடவே இல்லை என்று ஆகிவிடாது.

அனுப்பும்போது காகித உறை போதும். உறைமேல் எழுதுவதைப் பத்திரத்தை உள்ளே வைக்கும் முன்பே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பேனா அழுத்தம் உள்ளே பதியும்.