‘மற’வில் மூச்சு வாங்கலாமா? கீர்த்தனை எழுதத் தொடங்குபவர்களுக்கு

மாதத்தில் ஒரு ஞாயிறு, சேலம் அம்மாபேட்டையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். யாரும் மேடை வித்வான்கள் கிடையாது. பாட்டு கற்றவர்கள், இப்போது சொந்தமாகப் பாட்டு எழுதிப் பார்க்கிறவர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பாடிப் பார்த்துக் குறை சொல்வோம். போன மாதம் ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முதல்முறையாக வந்திருந்தார். மோகன ராகத்தில் அழகான பல்லவி. இரண்டாவது வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தாளம் தப்புவது, ராகத்தில் இல்லாத ஸ்வரம் விழுவது இவற்றையெல்லாம் நான் தொடப்போவதில்லை. முதலில் கேட்கிறவரே சொல்லிவிடுவார்.

சொல்லை உடைக்கும் கார்வை

சேர்வராயன் மலை உச்சியில் குகைக்குள் இருக்கும் சாமியைப் பற்றி ஆதி தாளத்தில் ஒரு பாட்டு எழுதினேன். பல்லவி ‘உனை மறவேன்’ என்று முடியும். எட்டு எண்ணிக்கையில் ஐந்தாவதில் ‘உனை’, ஆறாவதில் ‘ம’, ஏழாவது தட்டில் மேல் ஷட்ஜத்தில் (மேல் ‘ஸ’வில்) ‘ற’, எட்டாவது வீச்சு முழுக்கக் கார்வை, அதாவது அதே ஸ்வரத்தில் நீட்டி நிற்பது. ‘வேன்’ அடுத்த ஆவர்த்தனத்தின் (தாளச் சுற்றின்) சமத்தில், அதாவது முதல் தட்டில் வந்து விழும். பல்லவியின் எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) அரை இடம், அதாவது சமத்துக்கு அரை எண்ணிக்கை தள்ளி, அதனால் ‘வேன்’ உட்காரச் சமத்தில் இடம் இருந்தது. அந்த ஷட்ஜத்தில் போய் நிற்பது அவ்வளவு சுகமாக இருந்தது. நூறு தடவையாவது பாடியிருப்பேன். எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு மாதம் சொல்லிக்கொடுத்தேன். ஸ்வரப்படுத்தி, செவ்வாய்ப்பேட்டையில் கொடுத்து நூற்றைம்பது பிரதி அச்சடித்தேன். ஆடி மாதம் ஒரு கோயிலில் பாடினார்கள். பிள்ளைகளுக்கு மூச்சு எங்கே முடியும்? ஆவர்த்தனம் முடிகிற இடத்தில்தான். ‘உனை மற’ என்று நீட்டி, நிறுத்தி, மூச்சு வாங்கி, அப்புறம் ‘வேன்’ என்றார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி பாட்டு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: “ஏங்கண்ணு, சாமியப் போயி மறக்கச் சொல்லிப் பாடறீங்களே, அது எதுக்கு?”

அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என் மேல்தான் கோபம் வருகிறது. பிள்ளைகள் நான் எழுதியதை எழுதியபடியே பாடினார்கள். மறுநாள் அச்சடித்த பிரதிகள் அத்தனையும் பழைய பேப்பர் கட்டோடு போயின. பணத்தை விடுங்கள். பன்னிரண்டு பிள்ளைகளின் வாயில் ஏறிய பாடத்தை இறக்க அடுத்த தை வரை ஆனது.

இது ஏன் நடக்கிறது என்று சொல்கிறேன். மறவேன், பிரியேன், அகலேன், நீங்கேன் என்று பக்திப் பாட்டில் நமக்குப் பிடித்த சொற்கள் எல்லாம் எதிர்மறை. ஆனால் ‘இல்லை’ என்று காட்டக் கண்ணுக்குத் தெரியும் தனி எழுத்து எதுவும் அவற்றில் கிடையாது. வினைப் பகுதியும் ‘ஏன்’ என்ற முடிவும் ஒட்டுகிற இடத்தில்தான் மறுப்பே இருக்கிறது. அந்த ஒட்டைப் பிரித்தால் மிஞ்சுவது வெறும் ஏவல்: மற, பிரி, அகல், நீங்கு. சாமியிடம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

குறிலில் கார்வை வைத்தால் இன்னொரு கேடும் உண்டு. நீட்டிய குறில் நெடிலாகக் கேட்கும். ‘மலை’யில் ‘ம’வை நீட்டினால் ‘மாலை’, ‘கலை’யில் ‘க’வை நீட்டினால் ‘காலை’. நெடில் இருக்கும் இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். என் வரியைத் திருத்த எவ்வளவு வேலை ஆனது தெரியுமா? ஆறாவது எண்ணிக்கையில் ‘மற’ இரண்டு எழுத்தையும் வைத்தேன், ஏழில் ‘வே’, எட்டின் கடைசியில் ‘ன்’. ஐந்திலிருந்து எட்டு வரை, ஒரு எண்ணிக்கைக்கு ஒரு கோடு போட்டு எழுதினால் இப்படி வரும் (, ; இரண்டும் நீட்டலைக் காட்டும்):

ஸ்வரம்: க ப | ப த | ஸா | ; ||
பழையது: உ னை | ம , | ற |, ||
திருத்தியது: உ னை | ம ற | வே | , ன் ||

எனக்குப் பிடித்த மேல் ஷட்ஜம் அதே இடத்தில் இருக்கிறது. சமத்தில் ஒரு ஸ்வரம் மிச்சமாகி, பிள்ளைகள் மூச்சு வாங்க இடமும் கிடைத்தது. ஐந்து நிமிட வேலை.

பாட்டை எழுதியவருக்குப் பொருள் முன்பே தெரியும். அதனால் அவர் காது உடைந்த சொல்லையும் சேர்த்தே கேட்கும். ஆகவே மெட்டை எடுத்துவிட்டுத் தாளம் போட்டுக்கொண்டு வார்த்தைகளை மட்டும் வாசியுங்கள். அதையும் நீங்கள் செய்யாதீர்கள், பாட்டைக் கேட்டிராத ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். ஏற்காட்டுத் தம்பியின் வரி ‘உனைப் பிரியேன்’. நண்பரின் மனைவியிடம் காகிதத்தைக் கொடுத்துத் தாளத்தோடு வாசிக்கச் சொன்னோம். ‘உனைப் பிரி’ என்று நிறுத்தியதும் தம்பியின் முகம் மாறிவிட்டது. நாங்கள் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கமகம் இல்லாத ‘க’

தோடி ராகத்தில் வெறும் ‘க’ என்று எழுதினால் அது பாதிச் செய்திதான். ‘சாதாரண காந்தாரம்’ என்று பெயருள்ள அந்த ‘க’, ரிஷபத்துக்கும் (ரி) மத்யமத்துக்கும் (ம) நடுவே அசைந்தால்தான் தோடி. அந்த அசைவுதான் கமகம். கீபோர்டில் தட்டிப் பார்த்துவிட்டு ‘சரியாக இருக்கிறது’ என்று அனுப்புகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். எட்டயபுரத்தில் 1904இல் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்ற நூலை வெளியிட்ட சுப்பராம தீட்சிதர், கமகங்களுக்கு என்று தனிக் குறிகளையே அச்சில் கொண்டுவந்தார். நமக்கு அவ்வளவு குறிகள் வேண்டாம். எங்கே அசைவு, எங்கே ஜாரு (வழுக்கல்), எங்கே சும்மா நிற்க வேண்டும் என்று மூன்று அடையாளம் போதும். அதோடு மெதுவாகப் பாடிய ஒலிப்பதிவு ஒன்றும் வேண்டும்.

ஸ்தாயிப் புள்ளி

போனில் தட்டச்சு செய்தால் மேல் ஸ்தாயியைக் காட்டும் மேல் புள்ளியும் கீழ் ஸ்தாயியைக் காட்டும் கீழ்ப் புள்ளியும் காணாமல் போகின்றன. பாடுகிறவர் எந்த ஷட்ஜம் என்று ஊகிக்க வேண்டியதாகிறது. கட்டம் போட்ட கணக்கு நோட்டு வாங்குங்கள். ஒரு மாத்திரைக்கு ஒரு கட்டம். ஸ்வரம் மேல் வரியில், சாகித்யம் (பாட்டின் வார்த்தைகள்) அதற்கு நேர் கீழே. லகு (ஆதி தாளத்தில் முதல் நான்கு எண்ணிக்கை) முடிந்ததும் ஒரு கோடு, ஆவர்த்தனம் முடிந்ததும் இரண்டு கோடு. எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள். கார்வை எத்தனை என்று கட்டமே காட்டிக்கொடுக்கும். கணக்கு உதைத்தால் எழுதும்போதே தெரிந்துவிடும்.

எடுப்பு

சமமா, அரை இடமா, ஒன்றரையா? காகிதத்தின் தலைப்பில் எழுதுங்கள்.

ஒலிப்பதிவு

சுருதி எத்தனை கட்டை என்று சொல்லுங்கள், தம்பூரா ஓடட்டும். விசைத்தறி ஓடும்போது பதிவு செய்யாதீர்கள். எங்கள் அம்மாபேட்டை நண்பர் இரவு தறி நின்ற பிறகுதான் பாடுவார்.

புது ராகம்

இப்போது வேண்டாம். மோகனத்தில் பத்துப் பாட்டு எழுதிவிட்டு வாருங்கள்.

கருத்துக் கேட்பதும் சொல்வதும்

‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘அருமை’ என்றுதான் பதில் வரும். கேள்வியைக் குறுக்குங்கள். ‘அனுபல்லவியில் எதுகைக்காகப் பொருளை இழுத்திருக்கிறேனா?’, ‘சரணத்தின் மூன்றாவது வரியில் மூச்சு போதுமா?’ என்று கேளுங்கள். கருத்துச் சொல்கிறவர்களும் முதலில் ஒலிப்பதிவைக் கேட்காதீர்கள். காகிதத்தை மட்டும் பார்த்துப் பாடி, அதைப் பதிவு செய்து எழுதியவருக்கு அனுப்புங்கள். எங்கே தடுமாறினீர்களோ அங்கே அவர் காகிதத்தில் ஏதோ விட்டிருக்கிறார்.

ஏற்காட்டுத் தம்பி திருத்திய வரியைப் போன வாரம் அனுப்பினார். ‘யே’யில் கார்வை வைத்திருக்கிறார். நான் காகிதத்தை மட்டும் பார்த்துப் பாடி அனுப்பியிருக்கிறேன்.