எழுத்தறிவு, மொழிக் கல்வியில் முனைவர் பட்டம்: கேள்வி முதல் வைவா (வாய்மொழித் தேர்வு) வரை

முனைவர் பட்டம் படிக்க நினைக்கும் ஆசிரியர்கள் பலர் முதலில் பல்கலைக்கழகத்தைத் தேடுகிறார்கள். அதற்கு முன்னால் தேட வேண்டியது கேள்வியை. எந்தத் துறையில் சேர்வது, யாரை நெறியாளராகக் கேட்பது, எத்தனை பள்ளிகளுக்குப் போவது என்பதையெல்லாம் முடிவு செய்யப்போவது அதுதான்.

"மாணவர்களின் வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்" என்பது தலைப்பு, கேள்வி இல்லை. அதை மேலும் மேலும் குறுக்குங்கள். எந்த வகுப்பு? எழுத்துக்கூட்டி வாசிப்பதைப் பார்க்கிறீர்களா, வாசித்ததைப் புரிந்துகொள்வதையா? பிள்ளைகள் வீட்டில் பேசும் மொழி எது? கடைசியில் இப்படி ஒன்று கையில் இருக்க வேண்டும்: "வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறு மொழியும் பேசும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், ஒரு பத்தியைப் பிழையில்லாமல் வாசித்த பிறகும் அதைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்லத் தடுமாறினால், காரணம் சொல்வளக் குறைவா, வாக்கிய அமைப்பு பிடிபடாததா?" இதை அளக்க முடியும். விடை எந்தப் பக்கம் வந்தாலும் ஆய்வேடு நிற்கும்.

இந்தத் துறையில் இரண்டு பெரிய மரபுகள் உண்டு. வாசிப்பை மனத்துக்குள் நடக்கும் செயலாகப் பார்ப்பது ஒன்று. எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசித்துப் புரிந்துகொள்ளுதல் என்று கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1986-இல் முன்வைத்த மாதிரி இந்த மரபைச் சேர்ந்தது. கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். எழுத்தறிவைச் சமூக வழக்கமாகப் பார்ப்பது மற்றொன்று. மானிடவியலாளர்கள் ஷர்லி பிரைஸ் ஹீத், பிரையன் ஸ்ட்ரீட் ஆகியோர் தங்கள் களப்பணியை வைத்து 1980-களில் வெளியிட்ட நூல்கள் இதற்கு அடித்தளம். முதல் மரபுக்குச் சோதனைத்தாளும் புள்ளியியலும் வேண்டும். இரண்டாவதற்கு ஒரே இடத்தில் மாதக்கணக்கில் இருந்து கவனிக்கும் பொறுமை வேண்டும். உங்கள் கேள்வி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து நெறியாளரைத் தேடுங்கள். இதில் பொருத்தம் தவறினால் இரண்டாம் ஆண்டில் ஆய்வுமுறையையே மாற்றச் சொல்வார்கள்.

பிஎச்.டி.யா, எட்.டி.யா (கல்வியியலில் தொழில்சார் முனைவர் பட்டம்) என்ற குழப்பத்துக்கு அதிக நேரம் வேண்டாம். ஆய்வாளராகவோ பேராசிரியராகவோ இருக்க விரும்பினால் பிஎச்.டி. பள்ளி நிர்வாகம், பாடத்திட்டம், ஆசிரியர் பயிற்சி என வேலையில் இருந்துகொண்டே அங்குள்ள சிக்கலை ஆராய எட்.டி. பொருந்தும். சில பல்கலைக்கழகங்களில் முதல் ஓரிரு ஆண்டுகள் வகுப்பும், அதன்பின் தகுதித் தேர்வும் இருக்கும். வேறு சிலவற்றில் முதல் நாளிலிருந்தே ஆய்வேடுதான். புள்ளியியலில் பழக்கம் இல்லாதவர்கள் வகுப்புகள் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நெறியாளருக்கு எழுதும் மின்னஞ்சல் அலைபேசித் திரையில் ஒரே பார்வைக்குள் அடங்கட்டும். கேள்வி இரண்டு வரியில், அவருடைய எந்தக் கட்டுரையோடு அது தொடுகிறது, உங்களுக்குத் தெரிந்த ஆய்வுமுறை, எப்போது தொடங்க முடியும். இவ்வளவு போதும். அவர் ஒப்புக்கொள்ளும் நிலை வந்ததும் அவரிடம் இப்போது படிப்பவர்களைக் கேளுங்கள்: வரைவைத் திருத்தித் தர எத்தனை வாரம் ஆகிறது? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள்? பெரிய பெயரைவிட இந்த இரண்டு விடைகள் முக்கியம்.

களத்துக்குப் போகும் முன்

பள்ளி நாட்காட்டியை வைத்துப் பின்னோக்கித் திட்டமிடுங்கள். தேர்வு மாதம், விடுமுறை, விழாக்கள் போக உண்மையில் கிடைக்கும் வாரங்கள் மிகக் குறைவு. ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி ஒரு மாதம் தள்ளிப்போனால் தரவு சேகரிப்பு சில சமயம் ஓராண்டு தள்ளிப்போகும்.

தலைமையாசிரியர் தலையசைத்துவிட்டால் அனுமதி கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். வகுப்பாசிரியர், பெற்றோர் இருவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேண்டும். பிள்ளையின் சம்மதத்தையும் தனியாகக் கேட்க வேண்டும். வகுப்பை வீடியோ எடுப்பதானால், சம்மதிக்காத பிள்ளை கேமராவில் விழாத இடம் எது என்பதை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். அந்தப் பிள்ளையை வகுப்பிலிருந்து வெளியே அனுப்புவது தீர்வே இல்லை. சொந்த மாணவர்களை ஆராய்கிறீர்களா? உங்களிடம் "மாட்டேன்" என்று சொல்ல அவர்களால் முடியாது. ஒப்புதல் படிவத்தை வேறொருவர் வாங்கி, நீங்கள் மதிப்பெண் கொடுத்து முடிக்கும் வரை தம்மிடமே வைத்திருக்கட்டும்.

வேறு மொழிக்காக உருவான சோதனையை மொழிபெயர்த்துப் பயன்படுத்துவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்களைச் சரியாக வாசிக்கிறார் என்ற அளவை எடுத்துக்கொள்ளுங்கள். "வந்தவர்களுக்கெல்லாம்" என்பது தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் அது நான்கைந்து சொற்களாகிவிடும். ஆங்கிலத்துக்கு வைத்த எல்லையைத் தமிழுக்கு அப்படியே வைத்தால் நன்றாக வாசிக்கும் பிள்ளைகூடப் பின்தங்கியவராகத் தெரிவார். எழுத்தறியும் சோதனையும் அப்படித்தான்: 26 எழுத்துக்கு வகுத்ததை 247 எழுத்துக்கு நீட்ட முடியாது. எந்த உயிர்மெய்கள் பாடத்தில் முதலில் வருகின்றன, எவை அரிதாக வருகின்றன என்று பார்த்துப் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆய்வில் சேராத ஒரு வகுப்பில், முந்தைய பருவத்திலேயே, முன்னோட்டம் பார்த்துவிடுங்கள். எல்லோரும் சரியாகச் செய்யும் கேள்வியும் யாருமே செய்யாத கேள்வியும் எதையும் அளப்பதில்லை.

மாதிரியின் அளவில் இன்னொரு பொறி. ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள், ஆசிரியர் ஒருவர்தானே. வகுப்புக்கு 30 பேர், பத்து வகுப்புகள், மொத்தம் 300 பேர் என்று வையுங்கள். வகுப்புக்குள் ஒப்புமை (0 முதல் 1 வரையிலான அளவில்) 0.2 என்றால், ஒரு பிள்ளையோடு மற்ற 29 பேரின் ஒப்புமையையும் சேர்த்து 1 + (29 × 0.2) = 6.8. 300-ஐ இதால் வகுத்தால் ஏறத்தாழ 44. அதாவது தனித்தனியாகத் தேர்ந்தெடுத்த 44 பேர் தரும் தகவல்தான் கையில் இருக்கிறது. ஆகவே ஒரே பள்ளியில் பிள்ளைகளைக் கூட்டுவதைவிட வகுப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பகுப்பாய்வுக்கு, பிள்ளை, வகுப்பு என்ற நிலைகளைத் தனித்தனியே கணக்கில் கொள்ளும் பல்நிலை மாதிரியை (multilevel model) பயன்படுத்துங்கள்.

பதிவிலிருந்து ஆய்வேட்டுக்கு

பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் வகுப்பறை ஒலிப்பதிவில் ஒரு மணி நேரத்தை எழுத்தாக்கக் குறைந்தது ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு குழுவின் மேசையிலும் ஒரு ரெக்கார்டர் இருக்கட்டும். கரும்பலகை அருகே வைத்தது ஆசிரியர் குரலை மட்டும்தான் தரும். அன்றைய குறிப்பை அன்றிரவே விரித்து எழுதிவிடுங்கள்.

பேச்சை வகைப்படுத்தும்போது ஒரு பகுதியையாவது இன்னொருவரும் தனியாகக் குறியிட வேண்டும். "90 சதவீதம் ஒத்துப்போனது" என்று எழுதினால் தேர்வாளர் ஏற்கமாட்டார். பேச்சில் 90 சதவீதம் ஒரே வகையில் விழுந்தால், இருவரும் கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் குறியிட்டாலும் 80 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகும். இந்தத் தற்செயலைக் கழித்துச் சொல்வது கோஹன் கப்பா என்ற அளவு; அதையே கொடுங்கள்.

ஆய்வுமுறை இயலைக் களத்தில் இருக்கும்போதே எழுதுங்கள். ஏன் அந்தப் பள்ளி, ஏன் அந்தச் சோதனை, இடையில் எத்தனை பேர் விலகினார்கள் என்பவை ஆறு மாதத்தில் மறந்துவிடும். வைவாவில் முதலில் கேட்பவையும் இவைதான். "உங்கள் தரவுக்கு வேறு விளக்கம் ஏன் பொருந்தாது?" என்பதும் கட்டாயம் வரும், அதற்கான பதிலை ஆய்வேட்டிலேயே ஒரு பக்கமாவது எழுதியிருக்க வேண்டும்.

திருத்தங்களோடு தேர்ச்சி என்று வந்தால் அது வழக்கமான முடிவுதான். தேர்வாளர் சொன்னது, நீங்கள் மாற்றியது, பக்க எண் என மூன்று நெடுவரிசைகள் கொண்ட அட்டவணை தயாரித்து, திருத்திய பிரதியோடு சேர்த்து அனுப்புங்கள். ஏற்காத கருத்தை அட்டவணையில் விட்டுவிடாமல், ஏன் மாற்றவில்லை என்ற காரணத்தை அதே வரிசையில் எழுதுங்கள்.