சோடா ரொட்டியைப் பிசைந்து கெடுக்காதீர்கள்

அயர்லாந்து கிராமத்து வீடுகளில் சுடும் சோடா ரொட்டிக்கு மாவு, ஆப்ப சோடா, உப்பு, மோர் என்று நாலே பொருள்தான். ஆனாலும் நிறையப் பேருக்குச் சொதப்புகிறது, ஏனென்றால் கை சும்மா இருப்பதில்லை. சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசைந்தீர்கள் என்றால் செங்கல்தான் கிடைக்கும். ஈஸ்ட் ரொட்டிக்கு மாவு இழுவையாக வரவேண்டும் என்று பிசைகிறோம், இதற்கு அந்த இழுவையே ஆகாது. அங்கே விளையும் கோதுமை பெரும்பாலும் பசை குறைந்த மென்மையான ரகம், ஈஸ்ட்டோடு அவ்வளவாக ஒத்துப்போகாது, அதனால்தான் 19-ஆம் நூற்றாண்டில் சோடா வந்ததும் வீட்டுக்கு வீடு பிடித்துக்கொண்டார்கள். மைதாவே போதும்.

மாவில் குழி பறித்து மோரை ஊற்றி, விரல்களை விறைப்பாக விரித்துக்கொண்டு நடுவிலிருந்து வெளியே வட்டம் போடுங்கள். ஒரு நிமிஷத்துக்குள் சேர்ந்துவிடும். பிசுபிசுவென்று மேடுபள்ளமாக இருக்கும், அப்படியே விட்டுவிடுங்கள்.

மோர் என்றதும் நாம் தண்ணீர் விட்டுப் பெருக்கிய மோரை எடுத்துவிடக் கூடாது. அவர்கள் ஊற்றுவது வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புளித்த மோர், அந்தப் புளிப்புதான் சோடாவோடு சேர்ந்து ரொட்டியை எழுப்புகிறது. புளித்த தயிரைக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கடையுங்கள், 450 கிராம் மாவுக்கு 350 மில்லிக்குக் குறையாமல் வேண்டும். சோடா தலைதட்டி ஒரு தேக்கரண்டி. நன்றாகப் பொங்கட்டும் என்று கூடப் போட்டால் சோப்பு வாசனைதான் வரும். கட்டி இருந்தால் உள்ளங்கையில் தேய்த்து உடையுங்கள்.

அப்புறம், மாவைக் கலந்துவிட்டு ஓவனைத் தேடாதீர்கள். மோர் பட்ட நொடியே சோடா வேலையை ஆரம்பித்துவிடும், அது ஓயும்முன் ரொட்டி 230 டிகிரி சூட்டில் இருக்கவேண்டும். கால் மணி கழித்து 200-க்குக் குறைத்து இன்னும் அரை மணி.

மேலே போடும் சிலுவைக் கீறல் ஆழமாக, ஓரம்வரை போகட்டும். தேவதைகள் வெளியேறத்தான் அது என்பார்கள் அங்கே. நடுப்பகுதி வேகத்தான் என்பது என் கட்சி.

ஓவன் இல்லையென்று மூடிய சட்டியில் வைத்தால் அடி கருகி மேல்பக்கம் வெளுத்துக் கிடக்கும். பழைய கிராமங்களில் பாஸ்டிபிள் என்ற இரும்புச் சட்டியின் மூடிமேலும் கங்கு அள்ளி வைத்ததே அதற்காகத்தான். அதைவிட வடக்கே அல்ஸ்டர்க்காரர்கள் வழி சுலபம்: மாவை விரல் தடிமனுக்குத் தட்டி, நாலாக வெட்டி, கல்லில் மெதுவான தீயில் இரண்டு பக்கமும் சுட்டுவிடுவார்கள்.

அடியில் தட்டினால் காலி டப்பா மாதிரிச் சத்தம் வரவேண்டும். சுடச்சுட வெட்டினால் உள்ளே களிமாதிரி ஒட்டும், துணியில் சுற்றி ஆறவிட்டு அன்றைக்கே தின்றுவிடுங்கள்.